99 சதவீதம் அல்ல, 99 பர்சென்டைல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கல்வி இணைப்பில், ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களின் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் (CAT) பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். அதில் ஒரு மாணவர் ‘99 சதவீத மதிப்பெண்’ பெற்றதாக அச்சாகியிருக்கிறது. சின்னப் பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆனால், கேட் எழுத நினைக்கும் பிள்ளைகளில் பலர் முதலில் தடுக்கி விழுவது இந்த ஒரு சொல்லில்தான். அதனால் எழுதுகிறோம். கடிதம் நீளமாகிவிட்டது. சுருக்கிப் போடுவதானால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கணக்குகளை மட்டும் வெட்டாதீர்கள்.

2024 நவம்பர் 24 அன்று நடந்த கேட் தேர்வை ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பர்சென்டைல் என்றால் அத்தனை பேரில் 99 விழுக்காட்டினருக்கு மேலே ஒருவர் நிற்கிறார் என்று பொருள். அதாவது முதல் 2,900 பேருக்குள் வந்துவிட்டார். எவ்வளவு மதிப்பெண் எடுத்தார் என்பதை அந்த எண் சொல்லாது. அந்த ஆண்டு 68 கேள்விகள், ஒன்றுக்கு 3 வீதம் மொத்தம் 204 மதிப்பெண். அதில் பாதியைத் தொடாதவர்களும் 99 பர்சென்டைலில் இருந்தார்கள். பிளஸ் டூவில் சதம் எடுத்துப் பழகிய பிள்ளைக்கு இது புரிய நாளாகும். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை எதையும் விடக்கூடாது என்று பன்னிரண்டு வருஷம் பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கேட் வினாத்தாளோ முடிப்பதற்காகத் தயாரிக்கப்படுவதில்லை. எதை விடுவது என்று தெரிந்தவரைத்தான் அது தேடுகிறது. தங்கள் கட்டுரையில் ‘பாடத்திட்டம் முழுவதையும் முடியுங்கள்’ என்று நாலு இடத்தில் வருகிறது. ‘விடப் பழகுங்கள்’ என்று ஓரிடத்திலும் இல்லை.

அமைப்பு பலருக்குத் தெரிந்ததே. மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 நிமிடம், ஆக 2 மணி நேரம். முதலில் ஆங்கிலம் (வார்க் என்பார்கள்), அடுத்து தரவு விளக்கமும் தர்க்கமும் (டி.ஐ.எல்.ஆர்.), கடைசியில் கணிதம். வரிசையை மாற்ற முடியாது. ஒரு பிரிவில் நேரம் மிஞ்சினாலும் அடுத்ததற்குத் தாவ முடியாது, முடிந்துபோன பிரிவுக்குத் திரும்பவும் முடியாது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் 24, 22, 22 என்று கேள்விகள் வந்தன. நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் தவறினால் ஒரு மதிப்பெண் கழியும். விடையை நாமே உள்ளிட வேண்டிய கேள்விகளும் உண்டு, அவற்றை ‘டீட்டா’ என்கிறார்கள். அவற்றில் தவறினால் எதுவும் கழியாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நான்கு முறைக்கு ஒரு முறை +3, மூன்று முறை −1. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. நிச்சயமாகத் தவறு என்று ஒரு விடையை அடித்துவிட்டால் மிச்சம் மூன்று. மூன்று முறைக்கு +3, −2, ஆக சராசரியாகக் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். இரண்டை அடித்துவிட்டால் கேள்விக்கு 1 மதிப்பெண். ‘நெகட்டிவ் மார்க் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே’ என்ற பொதுப்புத்தி அறிவுரையும் தப்பு, ‘எல்லாவற்றையும் தொட்டுவிடு’ என்பதும் தப்பு. இரண்டு விடையை அடித்த பிறகு தொடலாம். டீட்டாவில் எதையும் காலியாக விட வேண்டாம், அதே சமயம் ஊகிப்பதற்காக நேரத்தைக் கொட்டவும் வேண்டாம்.

ஆங்கிலப் பிரிவில்தான் தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். பயத்தில் அவர்கள் செய்யும் முதல் காரியம் சொல்வளப் புத்தகம் ஒன்றை வாங்கி அகர வரிசையில் மனப்பாடம் செய்வது. அது வீண் வேலை. கேட்டில் சொல்லுக்குப் பொருள் கேட்கும் கேள்வி இப்போது கிடையாது. 24-இல் 16 கேள்விகள் நான்கு பத்திகளை ஒட்டியவை, ஒவ்வொரு பத்தியும் சுமார் 500 சொற்கள். மானுடவியல், சூழலியல், கலை வரலாறு, பொருளாதாரம் என்று எதிலிருந்தும் வரும். ஏயான் இணைய இதழில் வந்த கட்டுரைகள் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கின்றன. பத்தியில் புரியாத சொல் பத்து இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். யார் சொல்வது யாருடைய கருத்து என்று பிடிபடாவிட்டால்தான் தலைவலி.

அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறோம். தினமும் ஏறத்தாழ 1,000 சொல் கொண்ட ஒரு ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுத வேண்டும். தமிழில் எழுதலாம், தமிழில் எழுதுவதுதான் நல்லது என்போம். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பத்தியிலிருக்கும் சொற்களையே பொறுக்கி வைத்துவிட்டுப் புரிந்ததாக ஏமாற்றிக்கொள்ளலாம். தமிழில் அந்த ஏமாற்று நடக்காது. ‘பட்’, ‘யெட்’, ‘ஹவெவர்’ எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் ஊரார் கருத்து, பின்னால் வருவது கட்டுரையாளர் கருத்து. தவறான விடைகளில் ஒன்று அந்த ஊரார் கருத்தைத் தூக்கிக் கட்டுரையாளர் தலையில் கட்டியிருக்கும். இன்னொன்று, உலகத்தில் உண்மையாக இருக்கும், பத்தியில் இருக்காது. மூன்றாவது, பாதி சரியாக ஆரம்பித்து ‘ஒன்லி’, ‘ஆல்வேஸ்’ போன்ற ஒரு சொல்லால் எல்லை தாண்டியிருக்கும். இந்த மூன்று பொறிகளையும் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகியவர், விடை உறுதியாகத் தெரியாதபோதும் இரண்டை அடித்துவிடுவார். மேலே சொன்ன கணக்கு அங்கேதான் பலன் தரும். ‘எக்ஸெப்ட்’ என்று முடியும் கேள்வியில் மட்டும் கூடுதல் கவனம். பத்தியில் உள்ளதைக் கண்டதும் சந்தோஷத்தில் அதையே தொட்டுவிடுவார்கள், கேட்டது இல்லாததை.

வேகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு நான்கு பத்திகளையும் வாசிக்கவே 13 நிமிடம் போகும். 100 சொல் படிப்பவருக்கு 20 நிமிடம். மீதி 20 நிமிடத்தில் 24 கேள்வி என்றால் நடக்கிற காரியமா? அவர் மூன்று பத்தியை மட்டும் எடுத்து, 12 கேள்விகளையும் நிதானமாகச் செய்வதே மேல். எந்தப் பத்தியை விடுவது என்று முதல் நான்கு வரியைப் படித்து முடிவு செய்ய வேண்டும். தலைப்பு பழக்கமானதா என்று பார்க்காதீர்கள். வாக்கியம் எவ்வளவு சுற்றி வளைக்கிறது என்று பாருங்கள். மீதி 8 கேள்விகளில் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பொருந்தாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, சுருக்கம், விடுபட்ட வாக்கியத்தை இடத்தில் சேர்ப்பது என்று வரும். நான்கு வாக்கியத்தை 24 விதமாக அடுக்கலாம், அதனால் வரிசைப்படுத்தலில் ஊகம் பலிப்பது அபூர்வம். பொருந்தாத வாக்கியமோ ஐந்தில் ஒன்று. டீட்டாவாக வந்தால் கழிவும் இல்லை. கண்ணை மூடித் தொட்டாலும் சராசரியாக 0.6 மதிப்பெண் உண்டு. அதைக் காலியாக விட்டு வருபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இனி டி.ஐ.எல்.ஆர். கேட்டில் ஆளைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் இந்த 40 நிமிடம்தான். 22 கேள்விகளும் ஐந்து செட்டுகளாக, அதாவது ஒரே தகவலை ஒட்டிய கேள்வித் தொகுப்புகளாக, வரும். ஒரு செட்டுக்கு 4 அல்லது 5 கேள்வி. இதற்குப் பாடத்திட்டம் என்று ஒன்றும் கிடையாது. சூத்திரமும் கிடையாது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஆனாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இதில் 2 கேள்வியோடு வெளியே வருகிறார்கள். காரணம் ஒன்றுதான்: முதல் செட்டில் உட்கார்ந்துவிடுவது. 12 நிமிடம் போட்டுவிட்டோமே, இன்னும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று 20 நிமிடத்தை விழுங்கக் கொடுப்பார்கள். சூதாட்டத்தில் விட்ட பணத்தைப் பிடிக்கப் போகிறவன் கதைதான்.

முதல் 4 நிமிடம் எந்தச் செட்டையும் போடாதீர்கள். ஐந்தையும் திறந்து பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிசை எண் கொடுங்கள். பிறகு முதல் செட்டுக்கு 10 முதல் 12 நிமிடம். அந்தச் செட்டைத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில், நீங்கள் போட்ட அட்டவணையில் ஒரு கட்டமாவது உறுதியாக நிரம்பியிருக்க வேண்டும்; இல்லையென்றால் தாளைக் கிழித்துப் போட்ட மாதிரி எழுந்து அடுத்ததற்குப் போங்கள். இரண்டு செட்டை முழுதாக, மூன்றாவதில் இரண்டு கேள்வியாவது என்பது நல்ல இலக்கு. ஐந்தையும் தொட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி என்பது ஆகாத திட்டம், ஏனென்றால் ஒரு செட்டின் முதல் கேள்விக்கு 8 நிமிடம் ஆகும், மீதி மூன்றுக்குச் சேர்த்து 3 நிமிடம் ஆகும்.

நல்ல செட் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘மிச்சம்’ எவ்வளவு என்று பாருங்கள். ஓர் உதாரணம். மூன்று கடை, நான்கு நாள், மொத்தம் 12 கட்டம். ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒரு பெட்டியாவது விற்றது. மொத்த விற்பனை 14 பெட்டி. படித்த உடனே பிள்ளைகள் எழுத்துகளை மாறிகளாக வைத்துச் சமன்பாடு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். 12 கட்டத்துக்கும் ஒவ்வொன்று போட்டால் 12 தீர்ந்தது. மிச்சம் 2 பெட்டிதான். அடுத்த வரியில் ‘முதல் கடை நான்கு நாளும் சேர்த்து 6 பெட்டி விற்றது’ என்றிருந்தால், அந்த 2 மிச்சமும் முதல் கடையிலேயே போய்விட்டது. ஆக மற்ற இரண்டு கடைகளின் எட்டுக் கட்டங்களிலும் 1 என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம். இரண்டு வரி படித்ததும் பன்னிரண்டில் எட்டுக் கட்டம் நிரம்பிய செட் அது. அதே செட்டில் மொத்தம் 40 பெட்டி என்றிருந்தால் மிச்சம் 28. அத்தனையையும் கட்டிப்போட இன்னும் பல நிபந்தனை வேண்டும், வேலை இழுக்கும். மிச்சம் குறைவு, நிபந்தனை அதிகம் என்றால் எடுங்கள். நிபந்தனைப் பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்து மிரண்டு ஓடுவது வழக்கம். உண்மையில் நீளமான பட்டியல்தான் நண்பன். இரண்டே நிபந்தனையும் பெரிய அட்டவணையும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். செட்டின் கேள்விகளில் ‘இத்துடன் இன்னொரு தகவலும் தரப்பட்டால்’ என்று தொடங்குபவை அதிகம் இருந்தால், முதலில் கொடுத்த தகவலில் அட்டவணை முழுசாக நிரம்பாது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். நிரம்பவில்லையே என்று நிரப்பிக்கொண்டே உட்கார வேண்டியதில்லை.

கணிதம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் இதற்குத்தான் ஊரெல்லாம் வகுப்பு இருக்கிறது. எண்கணிதமும் இயற்கணிதமும் சேர்ந்து பாதிக்கு மேல் வரும். விகிதம், சதவீதம், லாப நஷ்டம், கலவை, வேகம் தூரம், வேலை நேரம் ஆகியவற்றையும், இருபடிச் சமன்பாடு, மடக்கை, சமனின்மை ஆகியவற்றையும் முடித்துவிட்டு வடிவியலுக்கு வாருங்கள். வரிசை மாற்றம், நிகழ்தகவு இரண்டையும் ஆகஸ்டுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது நேர விரயம் என்பது எங்கள் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான கணக்குப் புத்தகமே அடித்தளம். அது ஆடினால் விலையுயர்ந்த குறிப்புகளும் ஆடும்.

வழி தேடும் விதம்தான் மாற வேண்டும். எண்கோட்டில் 3-லிருந்து உள்ள தூரத்தையும் −2-லிருந்து உள்ள தூரத்தையும் கூட்டினால் 9-க்கு மிகாத முழு எண்கள் எத்தனை? பள்ளிப் பழக்கத்தில் மூன்று நிலைகளாகப் பிரித்து அரைப் பக்கம் எழுதுவார்கள். −2-க்கும் 3-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் கூட்டுத்தொகை 5. வெளியே ஓரடி போனால் இரண்டு தூரமும் ஒவ்வொன்று கூடும், ஆக 2 ஏறும். 9-க்கு இன்னும் 4 இருக்கிறது, எனவே இரு பக்கமும் இரண்டடி போகலாம்: −4-லிருந்து 5 வரை. மொத்தம் 10 எண். 20 விநாடிக் கணக்கு. இதில் நடக்கும் பிசகு, பூஜ்யத்தை எண்ண மறந்து 9 என்று உள்ளிடுவது. டீட்டா என்பதால் திரையில் 9 என்ற விடை இல்லையே என்று எச்சரிக்க ஆளில்லை.

இன்னொரு பழைய பொறி. 40 லிட்டர் பாலில் 4 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள். இப்படி மூன்று முறை. மிஞ்சும் பால் எவ்வளவு? 12 லிட்டர் போச்சு, 28 என்பார்கள். இரண்டாம் முறை எடுக்கும் 4 லிட்டரில் தண்ணீரும் இருக்கிறதே. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்பது பங்கு பால் தங்குகிறது: 40-ஐ மூன்று முறை 0.9-ஆல் பெருக்க 29.16 லிட்டர். திரையில் கால்குலேட்டர் உண்டு, ஆனால் மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். 30 வரை வர்க்கமும், 7, 11, 13 ஆகியவற்றின் தலைகீழ் பின்னங்களின் சதவீத மதிப்பும் நாக்கில் இருந்தால் அதைத் திறக்கும் வேலை பாதியாகும்.

மாதிரித் தேர்வு விஷயத்துக்கு வருகிறோம். வகுப்புக்குப் போகாமல் கேட் எழுதலாம், மாக் டெஸ்ட் இல்லாமல் எழுதக் கூடாது. ஜூன், ஜூலையில் மாதம் இரண்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் வாரம் ஒன்று, அக்டோபரில் வாரம் இரண்டு, நவம்பரில் முதல் மூன்று வாரமும் வாரம் இரண்டு. கூட்டினால் ஏறத்தாழ 26 வரும், அது போதும். 2017 முதலான அசல் வினாத்தாள்கள், ஒவ்வொரு ஆண்டும் இரண்டு அல்லது மூன்று ஷிஃப்ட் வீதம், 20-க்கு மேல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை செப்டம்பருக்குப் பிறகு தொடுங்கள். ஆரம்பத்திலேயே தின்று தீர்த்துவிட்டால் கடைசியில் கையில் நல்ல தாள் இருக்காது. செல்போனில் மாக் எழுதுவது எழுதாததற்குச் சமம். தேர்வில் திரையின் இடப்பக்கம் பத்தியும் வலப்பக்கம் கேள்வியும் இருக்கும், மவுஸ்தான் கருவி, குறிப்பெழுத அவர்கள் தரும் தாளும் பேனாவும் மட்டும். வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்குக் கல்லூரிகள் சனிக்கிழமைகளில் ஆய்வகத்தை இரண்டரை மணி நேரம் திறந்துவிட்டாலே பெரிய உதவி.

2 மணி நேர மாக்கைப் பிரித்துப் பார்க்க 3 மணி நேரம் ஆக வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு விடைக்குறிப்பைப் புரட்டுவதைப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்ல முடியாது. விடைக்குறிப்பைத் திறக்கும் முன், தொடாமல் விட்ட எல்லாக் கேள்விகளையும் கடிகாரம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். அதில் இரண்டு நிமிடத்தில் முடிந்தவை எத்தனை? அவைதான் நீங்கள் தவறவிட்ட மதிப்பெண். பிறகு ஒரு நோட்டில், தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நான்கில் ஒன்றை எழுதுங்கள்: பாடம் தெரியாது, தெரியும் ஆனால் கணக்கு பிசகியது, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், தொட்டிருக்கவே கூடாது. ஐந்து மாக் முடிந்ததும் எண்ணிப் பார்த்தால், முதல் வகை நினைத்ததைவிடக் குறைவாகவும் நான்காம் வகை நினைத்ததைவிட அதிகமாகவும் இருக்கும். கணிதத்தில் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 14-ஐத் தொட்டு 8 சரி, 6 தவறு என்றால் 24-இல் 6 கழித்து 18. இன்னொருவர் 9-ஐத் தொட்டு 8 சரி, 1 தவறு: 23. இருவருக்கும் தெரிந்தது அதே 8 கேள்விதான். அந்த ஆறில் ஓடிய நிமிடங்கள் வேறு தனிக் கணக்கு.

ஒரு பிரிவில் பலமாக இருந்து இன்னொன்றைக் கைவிடும் உத்தியும் ஊரில் உலவுகிறது. ஐ.ஐ.எம்.கள் மொத்தப் பர்சென்டைலுக்கு மட்டுமின்றி ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்சம் வைத்திருக்கின்றன. மொத்தத்தில் 97 இருந்தும், ஒரு பிரிவில் சரிந்ததால் நேர்காணல் அழைப்பு வராமல் போகும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் வெயிட்டேஜ் உண்டு, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எந்த ஐ.ஐ.எம். எதற்கு எவ்வளவு தருகிறது என்பதை அவரவர் இணையதளத்தில் சேர்க்கை விதி என்ற பக்கத்தில் ஆண்டுதோறும் போடுகிறார்கள். திருச்சி ஐ.ஐ.எம். உள்பட எதுவும் விலக்கில்லை.

எம்.பி.ஏ.வுக்கான மற்ற தேர்வுகள். எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும், ஜனவரி முதல் ஞாயிறு வழக்கமாக நடக்கும் எக்ஸாட்டில் முடிவெடுத்தல் என்று ஒரு தனிப் பிரிவு உண்டு, எட்டுக்கு மேல் காலியாக விடும் ஒவ்வொரு கேள்விக்கும் 0.10 கழிப்பார்கள். கேட்டில் விடப் பழகியவர் அங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். சிம்பயாசிஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்நாப் 60 நிமிடத்தில் 60 கேள்வி. நம்முடைய அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டோ கேட்டுக்கு நேர் எதிர்: 100 கேள்வி, 2 மணி நேரம், ஆக ஒரு கேள்விக்கு 72 விநாடி. தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். கேள்விகள் எளிது, ஓட்டம் அதிகம். ஓ.எம்.ஆர். தாளில் 100 வட்டத்தை, ஒன்றுக்கு 3 விநாடி வீதம் நிரப்பவே 5 நிமிடம் போகும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் கடைசியில் கை நடுங்கியவர்கள் அநேகம். பத்துப் பத்தாக நிரப்பிக்கொண்டே போவதுதான் வழி. கேட்டுக்கு உழைத்தவர் நவம்பருக்குப் பிறகு ஒரு மாதம் ஓட்டப் பயிற்சி எடுத்தால் டான்செட்டை நன்றாகவே எழுதலாம். டான்செட்டுக்கு மட்டும் உழைத்தவருக்கு கேட் எடுபடாது.

கடைசியாக, படிப்புக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் படித்த படிப்பையெல்லாம் வீணாக்கக்கூடிய ஒன்று: சான்றிதழ். நம் ஊரில் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் கையில் மாநில அரசின் நிரந்தர சாதிச் சான்றிதழ் இருக்கும். அதையே கேட் விண்ணப்பத்தில் பதிவேற்றிவிடுகிறார்கள். அது செல்லாது. ஐ.ஐ.எம்.கள் மத்திய நிறுவனங்கள். அவற்றுக்குத் தேவை மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதோர் என்று குறிப்பிட்டு வழங்கப்படும் ஓ.பி.சி. சான்றிதழ். வருமானத்தை ஒட்டியது என்பதால் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருப்பதே பாதுகாப்பு. மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கடந்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் விண்ணப்பக் கெடு நெருங்கிவிடும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழும் அப்படியே. மாநில இடஒதுக்கீட்டில் அது நடைமுறையில் இல்லாததால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்புவதும் உண்டு. மத்திய கல்வி நிறுவனச் சேர்க்கைக்கு என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். சான்றிதழ் வரவில்லையே, இப்போதைக்குப் பொதுப் பிரிவு என்று போட்டுவைப்போம் என்று நினைத்தால் மோசம்: விண்ணப்பித்த பிறகு பிரிவை மாற்ற முடியாது. 27 விழுக்காடு இடங்களுக்கான வாசல் ஒரு சொடுக்கில் சாத்தப்படும்.

பெயர், பிறந்த தேதி, தந்தை பெயரின் முதலெழுத்து எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். தேர்வு மையத்துக்கு ஐந்து ஊர் கேட்பார்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று போக்குவரத்து உள்ள ஊர்களை முன்னால் வையுங்கள். நவம்பர் கடைசி ஞாயிறு வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள். காலை 8.30 ஷிஃப்ட்டுக்கு 8.15-க்குக் கதவை மூடிவிடுவார்கள். டெல்டா மாவட்டத்திலிருந்தோ தென்கோடியிலிருந்தோ அன்று விடியற்காலைப் பேருந்தை நம்பி வரவேண்டாம், முதல் நாளே வந்து தங்குங்கள். கைக்கடிகாரம் உள்ளே அனுமதி இல்லை, நேரம் திரையிலேயே ஓடும்.

தங்களிடம் இரண்டு கோரிக்கை. கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் முதல் வாரம் திறந்து செப்டம்பரில் மூடும். எனவே ஜூன் கடைசியில், கல்வி இணைப்பின் முதல் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாக மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் பற்றி நாலு வரி போடுங்கள். இ-சேவை மையங்களில் கூட்டம் சேரும் முன் பிள்ளைகள் போய் நிற்கட்டும். தேர்வு முடிவு வரும்போது, ‘பர்சென்டைல்’ என்றே அச்சிடுங்கள். தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் ‘நூற்றுமானம்’ என்று போடலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. சதவீதம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மேலாண்மை நுழைவுத் தேர்வுப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.